நனையாமல் வந்தவர்

"அக்கா, அப்பா வந்தார்."

ஸ்வாலா போனில் இப்படிச் சொன்னபோது, ஸ்டெய்னுன் ஆய்வுக்கூடத்து கேன்டீனில் மீன் மசியலையும் கறுப்பு ரொட்டியையும் முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பா செத்து இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. கடல் கொண்டுபோன ஆள். உடம்புகூடக் கிடைக்கவில்லை.

"எங்கே வந்தார்?"

"கனவுலதான். பின்னே பஸ் பிடிச்சா வருவார்?"

ஸ்வாலாவுக்கு எட்டாம் மாதம். எங்கள் நாட்டில் வயிற்றுப்பிள்ளைக்காரியின் கனவில் செத்தவர் யாராவது வந்து நின்றால் அதற்குக் காரணம் ஒன்றுதான். பேர் கேட்க வந்திருக்கிறார். பிறக்கப்போகும் பிள்ளைக்கு என் பேரை வை என்கிறார். வைக்காமல் போனால் பிள்ளைக்கு ஆகாது. இதையெல்லாம் நம்புகிறீர்களா என்று தலைநகர் ரேக்யாவிக்கில் யாரைக் கேட்டாலும் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு, ஓசைப்படாமல் அந்தப் பேரையே வைத்துவிட்டு, "சும்மா, பேர் பிடிச்சிருந்துது" என்று மழுப்புவார்கள். டாக்டருக்குப் படித்தவர்களும் இதில் சேர்த்தி.

"பேரைக் கேட்டாரா?"

"வாயைத் திறந்து வேற கேட்கணுமாக்கும். என் வயிறு இருக்கிற இருப்புல வேற எதுக்கு வருவாராம்?"

"ராத்திரி அந்த நாத்தம் பிடிச்ச சுறாவைத் தின்னுட்டுப் படுத்தியா?"

"கிண்டல் பண்ணாதேக்கா. கேளு. அவர் நனையலை."

ஸ்டெய்னுனின் முள்கரண்டி பாதி வழியில் நின்றது. கடலில் போனவர்கள் நனைந்துதான் வருவார்கள். கனவானாலும் சரி, வாசல் படியானாலும் சரி, உடுப்பிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டச் சொட்டத்தான் வந்து நிற்பார்கள். இது எங்கள் ஊர்களில் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

"காய்ஞ்ச சட்டை. முடிகூட ஈரமில்லை. நிலைப்படியில நின்னார். கையை இப்படி, காதுக்கு மேலே, அழுத்திப் பிடிச்சுக்கிட்டு. காத்துல தொப்பி பறந்துடாம பிடிச்சுப்பாங்கல்ல, அந்த மாதிரி. ஆனா தொப்பியும் இல்லை, காத்தும் இல்லை."

"அம்மாகிட்ட சொன்னியா?"

"சொன்னேன். 'அந்தப் பேர் இந்த வீட்டுல வேண்டாம்'னுட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கிட்டா. எனக்கு என்னமோ மாதிரி இருக்குக்கா."

அம்மா ரெப்னா அப்படித்தான். புருஷன் பேர் ஓர்மர் என்பதைப் பிள்ளைகள் இரண்டும் தங்கள் பேருக்குப் பின்னால் ஒட்டியிருப்பதையும் கல்லறைத் தோட்டத்து நினைவுக் கல்லையும் படித்துத்தான் தெரிந்துகொண்டன. அவள் வாயிலிருந்து 'உங்க அப்பன்' என்பதற்கு மேல் ஒரு எழுத்து வந்ததில்லை. துக்கம் என்று ஊர் நினைத்தது. துக்கம் இத்தனை கடுகடுப்பாகவா இருக்கும் என்று ஸ்டெய்னுனுக்கு மட்டும் சந்தேகம் உண்டு.

போனை வைத்துவிட்டு மாடிக்குப் போனாள். அவளுடைய வேலையும் செத்தவர்களோடுதான், ஆனால் இங்கே செத்தவர்களுக்குப் பேர் கிடையாது, எண்தான். எங்கள் நாட்டில் யாரைப் பிடித்து உலுக்கினாலும் ஏதோ ஒரு வழியில் சொந்தமாக இருந்து தொலைப்பார்கள். அதனால் ஆராய்ச்சிக்கு ரத்தம் கொடுத்தவர்களின் பேரையெல்லாம் எடுத்துவிட்டு எண்ணாக்கிக் கொடுப்பார்கள். எந்த எண் எந்த ஆள் என்பது ஆராய்ச்சி செய்கிறவர்களுக்குத் தெரியக்கூடாது. தெரிந்துவிட்டாலும் வாயைத் திறக்கக்கூடாது. சட்டம்.

ஸ்டெய்னுன் ஏழு வருஷமாக ஒரே குடும்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மனுஷனின் மரபணுத் தொகுதியில் முந்நூறு கோடி எழுத்து. அதில் ஒரே ஒரு எழுத்து இந்தக் குடும்பத்தில் மாறிக் கிடந்தது. அந்த மாற்றம் உள்ளவர்களுக்கு மூளையின் சின்ன ரத்தக் குழாய்களில் ஒரு புரதம் படிந்துகொண்டே வரும், வெந்நீர்க் கெண்டியின் உள்ளே உப்புப் படிகிற மாதிரி. இருபதுகளில் ஒருநாள், தோட்டத்தில் உருளைக்கிழங்கு தோண்டும்போதோ பிள்ளைக்குத் தலை வாரும்போதோ, குழாய் வெடித்துவிடும். அவ்வளவுதான். முப்பதைத் தாண்டியவர்களும் உண்டு. ஏன் தாண்டினார்கள் என்பது யாருக்கும் புரியவில்லை.

புரியாத இன்னொன்றும் இருந்தது. செத்தவர்கள் எல்லாரும் பெண்கள். மாற்றம் ஆணுக்கும் பெண்ணுக்கும் சரிசமமாகப் போகிற வகை. ஆனால் திரையில் விரியும் குடும்ப மரத்தில், கறுப்பு அடித்தவை எல்லாம் வட்டங்கள். வட்டம் என்றால் பெண். ஆண்களைக் குறிக்கும் சதுரங்களில் ஒன்றுகூடக் கறுப்பு இல்லை. பிரிவின் தலைவர் ஏய்விந்துர், பெண்களின் ஹார்மோன்தான் காரணம் என்று சொல்லி இரண்டு கட்டுரை எழுதி, இரண்டு மாநாட்டில் கைதட்டலும் வாங்கியிருந்தார்.

அன்றைக்கு மத்தியானம் ஸ்டெய்னுன் அந்த மரத்தைத் திறந்துவைத்துக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருந்தாள். நனையாத சட்டை மனதை விட்டுப் போகவில்லை.

அப்போதுதான் அந்த அலைகளைப் பார்த்தாள். பார்த்தாள் என்றால், ஏழு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்ததைத்தான். இந்த ஆய்வுக்கூடத்தில் ஒரு பழக்கம் இருந்தது. கடலில் செத்தவர்களின் சதுரத்துக்குள் ஒரு சின்ன அலைக்கோடு போடுவார்கள். வேறு நாட்டு ஆய்வுக்கூடத்தில் இப்படி ஒரு குறி இருக்காது. எங்களுக்குத் தேவைப்பட்டது, அத்தனை பேர் கடலில் போனவர்கள். அலைக்கோடு விழுந்த ஆளையும் அவருக்குக் கீழே உள்ள கொப்பையும் கணக்கிலிருந்து எடுத்துவிடுவார்கள். கடல் கொன்றவனிடம் நோய்க்கு என்ன வேலை?

இந்த மரத்தில் கிளைக்குக் கிளை அலை. அத்தனையும் இருபதுகளில்.

ஸ்டெய்னுன் திரைக்கு நெருங்கி உட்கார்ந்தாள். நிலத்தில் விழுந்தவளுக்கு டாக்டர் வருவார், அறுத்துப் பார்ப்பார்கள், மூளையில் ரத்தம் என்று எழுதுவார்கள். படகில் விழுந்தவனை யார் அறுத்துப் பார்ப்பது? உடம்பு எங்கே? கடல் கொண்டுபோயிற்று என்றால் எங்கள் ஊரில் அதற்குமேல் ஒரு கேள்வி கிடையாது. பாதிரியார் வருவார், காப்பி கொடுப்பார்கள், முடிந்தது.

ஏய்விந்துரின் அறைக்குப் போனாள்.

"கடல்காரங்களையும் கணக்குல சேர்த்துப் பார்க்கப்போறேன்."

"எதுக்கு? அவங்க மூழ்கிச் செத்தவங்க."

"மூழ்கினாங்க, சரி. எதனால விழுந்தாங்க?"

"அலை அடிச்சிருக்கும்மா. கடல்னா அலை அடிக்கத்தான் செய்யும்."

"ஒரே குடும்பமாப் பார்த்து, முப்பது ஆகறதுக்கு முன்னாடியா அடிக்கும்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை. தன் இரண்டு கட்டுரைகளும் கடலில் முழுகுவதை அவர் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். கெட்ட மனுஷர் இல்லை. "சேர்த்துப் பாரு" என்றார்.

சேர்த்தாள். மூழ்கியவர்களின் ரத்தம் இல்லை. ஆனால் அவர்களுடைய பிள்ளைகள் ரத்தம் கொடுத்திருந்தார்கள். அந்தப் பிள்ளைகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேரிடம் மாறிய எழுத்து இருந்தது. சதுரங்கள் ஒவ்வொன்றாகக் கறுத்தன. மரம் ஒரே வீச்சில் சரியாகிவிட்டது. தலைமுறை தலைமுறையாகக் கடல் தன் தலையில் பழியைப் போட்டுக்கொண்டு ஒரு நோயை ஒளித்து வைத்திருக்கிறது.

சந்தோஷப்படத்தான் போனாள். அதற்குள் மரத்தின் கீழ் மூலையில் ஒரு கொப்பு கண்ணில் பட்டது. அலை விழுந்த ஒரு சதுரம், வயது இருபத்தொன்பது. பக்கத்தில் மனைவி, உயிரோடு இருக்கிறாள், ரத்தம் கொடுத்திருக்கிறாள், மாற்றம் இல்லை. கீழே இரண்டு பெண்கள். அப்பா போனபோது மூத்தவளுக்கு ஆறு வயது, இளையவள் கைக்குழந்தை. இளையவள் ரத்தம் தரவில்லை. மூத்தவளின் வட்டத்தில் கறுப்புப் புள்ளி, மாறிய எழுத்து இருக்கிறது என்பதற்கான குறி.

எண்தான் போட்டிருந்தது. ஆனால் தன் வீட்டைத் தெரியாதவள் உண்டா?

ஸ்டெய்னுன் வேலைக்குச் சேர்ந்த வாரம் எல்லாரையும் போல ஒரு குழாய் ரத்தம் கொடுத்தவள். அப்புறம் அதை மறந்துபோனாள். இப்போது அது திரையில் உட்கார்ந்து அவளைப் பார்த்தது. எழுந்துபோய் வாந்தி எடுத்தாள். முகம் கழுவிக்கொண்டு கண்ணாடியில் தன் தலையைப் பார்த்தாள். அப்பாவைவிட அவளுக்கு இப்போது ஐந்து வயது கூடுதல்.

அவள் முப்பதைத் தாண்டிவிட்டாள். ஸ்வாலாவுக்கு இருபத்தெட்டு. அதே மரத்தில் இரண்டு பெண்கள் பிரசவ வலியில் முக்கும்போது போனவர்கள். ஸ்வாலாவோ ஊர் மருத்துவ நிலையத்தில், தெரிந்த மருத்துவச்சியிடம், வெந்நீர்த் தொட்டியில் உட்கார்ந்து பெற்றுக்கொள்ளப் போவதாகப் பெருமையடித்துக்கொண்டிருந்தாள். தலைநகரத்து ஆஸ்பத்திரிக்கு வந்து வயிற்றைக் கீறி எடுத்துக்கொண்டால் அந்த ஆபத்து இல்லை. ஆனால் ஏன் என்று எப்படிச் சொல்வது? ஆய்வில் கண்டதைச் சொல்லக்கூடாது என்பது ஒரு பக்கம். ஸ்வாலாவே வேண்டாம் என்றவள் என்பது இன்னொரு பக்கம். "நான் எப்போ சாவேன்னு உன் குழாய்ல போட்டு ஆட்டிப் பார்க்க வேண்டாம். தெரிஞ்சா எனக்குச் சோறு இறங்காது" என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறாள்.

சொன்னால் இருக்கிற நாட்களைக் கெடுத்த பாவம். சொல்லாவிட்டால் கொன்ற பாவம். இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு இடுக்குதான் தெரிந்தது. தன் ரத்தத்தைப் பற்றித் தான் பேச எவன் தடுப்பான்? தன்னுடையதைச் சொல்லிவிடுவது. மிச்சத்தை ஸ்வாலா முடிவு செய்யட்டும். அந்த வாரக் கடைசியிலேயே விமானம் ஏறி மேற்குக் கரையில் இருக்கும் சொந்த ஊருக்குப் போனாள்.

போனாளே தவிர, வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. பையோடு நேரே ஊர் நீச்சல் குளத்துக்குப் போனாள். எங்கள் ஊர்களில் மனசு சரியில்லாதவர்கள் வெந்நீர்த் தொட்டியில்தான் போய் உட்காருவார்கள். மலையில் இன்னும் பனி கிடந்தது. தொட்டியில் கழுத்தளவு வெந்நீரில் ஒரே ஒரு ஆள் இருந்தார். பிராந்துர்.

பிராந்துர் துறைமுகத்தில் மீன் எடை போடுகிறவர். அப்பா போன அன்றைக்கு அதே படகில் இருந்த இன்னொரு ஆள் இவர்தான். அப்போது பத்தொன்பது வயசு. அதற்கப்புறம் படகில் கால் வைத்ததில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் புகை போட்ட ஆட்டுத்தொடை ஒன்றை ரெப்னாவின் வாசலில் வைத்துவிட்டு, கதவைத் தட்டாமல் போய்விடுவார்.

"எப்ப வந்தே தங்கச்சி? தங்கச்சிக்காரி பிரசவத்துக்கா?"

"ஆமா அண்ணே." ஸ்டெய்னுன் வெந்நீரில் இறங்கினாள். சுற்றி வளைக்க அவளுக்குத் தெம்பில்லை. "அன்னைக்கு அலை அடிச்சுதா, இல்லையா?"

பிராந்துர் அவளைப் பார்க்கவில்லை. ஆவிக்குப் பின்னால் அவர் முகம் தெரிவதும் மறைவதுமாக இருந்தது.

"என்ன திடீர்னு?"

"சொல்லுங்க அண்ணே. நான் யார்மேலயும் குத்தம் சொல்ல வரலை."

"இல்லை" என்றார். "அலை இல்லை. கடல் கண்ணாடி மாதிரிக் கிடந்துச்சு. வலை இழுத்துட்டிருந்தோம். 'தலை பொளக்குதுடா பிராந்துர்'னார். காப்பி ஊத்தித் தர்றேன்னு நான் உள்ளே குனிஞ்சேன். நிமிர்ந்தா ஆள் இல்லை. ஒரு சத்தம் இல்லை, ஒரு கூப்பாடு இல்லை. ஏதோ சாமான் விழுந்த மாதிரிப் போயிட்டார்."

"தலை வலிக்குதுன்னப்போ கையை எங்கே வச்சிருந்தார்?"

பிராந்துர் தண்ணீரிலிருந்து கையை எடுத்தார். காதுக்கு மேலே வைத்து அழுத்திக் காட்டினார்.

ஸ்டெய்னுனுக்கு வெந்நீரிலும் பல் கிட்டியது. இந்த மனுஷர் இதை ஒருத்தரிடமும் சொன்னவர் இல்லை. ஸ்வாலாவுக்கு இதைச் சொல்ல உலகத்தில் ஆளே கிடையாது.

"அப்புறம் ஏன் அலைன்னு சொன்னீங்க?"

"வேற என்ன சொல்லச் சொல்றே? ரெண்டு பிள்ளைக்காரன், தெளிஞ்ச நாள்ல, சத்தமில்லாம கடல்ல இறங்கிட்டான்னா ஊர் என்ன பேசும்? தானாப் போயிட்டான்னுதானே? அது உங்கம்மா காதுல விழக்கூடாதுன்னு ஒரு அலையை நானே கிளப்பிவிட்டேன். எனக்கு அந்த வயசுல அதைவிட நல்ல யோசனை வரலை."

"நீங்க என்ன நினைச்சீங்க, அண்ணே? தானாப் போனார்னா?"

"நினைக்காம இருக்க முடியுமா?" என்றார் பிராந்துர். "ஒரு காப்பி ஊத்துற நேரம், தங்கச்சி. நான் குனியாம இருந்திருந்தா..."

வீட்டில் ரெப்னா அடுப்படியில் நின்று முறுக்கின மாவை எண்ணெயில் போட்டுக்கொண்டிருந்தாள். பேரப்பிள்ளை வருவதற்கு முன்னாலேயே பலகாரம் தொடங்கிவிட்டது. ஸ்வாலா மாடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் மீன் பண்ணையில் வேலையாக இருந்ததால் பகலெல்லாம் அம்மா வீட்டில்தான் கிடப்பாள்.

"என்னடீ, சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிறே? வேலையை விட்டுத் துரத்திட்டானுங்களா? முடி ஏன் ஈரம்? குளத்துக்குப் போயிட்டுத்தான் பெத்தவ ஞாபகம் வந்துதாக்கும்."

"அம்மா, உட்காரு. அப்பா போன அன்னைக்கு அலை அடிக்கலை."

ரெப்னா உட்காரவில்லை. கரண்டியால் ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டாள்.

"தெரியும்" என்றாள்.

ஸ்டெய்னுன்தான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"அன்னைக்குக் காலையில உங்க துணியெல்லாம் துவைச்சுக் கொடியில போட்டிருந்தேன். பிராந்துர் பையன் வந்து நின்னு, இத்தாம் பெரிய அலைன்னு கையை விரிச்சுக் காட்டறான். அவனுக்குப் பின்னாடி கொடியில ஒரு துணி ஆடலை. பாவம், பையன் பொய் சொல்றான்னு அப்பவே தெரிஞ்சு போச்சு. ஏன் சொல்றான்னும் தெரிஞ்சு போச்சு."

"இத்தனை வருஷமா..."

"முதல் நாள் ராத்திரி பூரா தூங்கலை உங்க அப்பன். தலைவலி. வெளிச்சம் ஆகலை, ஜன்னலை மூடுங்கறான். கைக்குழந்தை கத்துது. நீ காய்ச்சல்ல கிடக்கே. எனக்கும் தூக்கம் இல்லை. 'தலைவலின்னு படுத்துக்கிட்டா மீன் தானா வீட்டுக்கு நடந்து வருமா? போய்த் தொலை'ன்னேன்." எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தபடியே சொன்னாள். "போனான். தொலைஞ்சான். நான் சொன்னதைக் கேட்ட ஒரே நாள் அதுதான். அந்தப் பேரை நான் எப்படிடீ வாயால சொல்றது? எப்படி ஒரு பச்சைப் பிள்ளைக்கு வைக்கிறது?"

ஸ்டெய்னுனுக்கு வழி முழுக்கப் பாடம் பண்ணிக்கொண்டு வந்த வார்த்தை எல்லாம் போன இடம் தெரியவில்லை. ஸ்வாலாவிடம்தான் முதலில் சொல்ல வேண்டும், பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்று வந்தவள், பச்சையாக அம்மாவிடம் போட்டு உடைத்துவிட்டாள்.

"அவர் போகலைம்மா. தலையில ரத்தக்குழாய் வெடிச்சு விழுந்தார். செத்துதான் விழுந்திருப்பார், இல்லைன்னா விழுந்த நிமிஷம் செத்திருப்பார். அந்தத் தலைவலி அதோட ஆரம்பம். நீ சொன்னதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. வீட்டுல படுத்திருந்தாலும் போயிருப்பார்."

"என்னைச் சமாதானப்படுத்தறதுக்குக் கதை கட்டாதே."

"கதை இல்லைம்மா. என் ரத்தத்துல இருக்கு. உன்கிட்ட இல்லை. அப்போ அவர்கிட்டயிருந்துதான் எனக்கு வந்திருக்கு."

ரெப்னா இப்போது உட்கார்ந்தாள். கரண்டி கையிலேயே இருந்தது. அப்புறம் ஸ்டெய்னுன் தன் வாழ்நாளில் பார்க்காத ஒன்று நடந்தது. அம்மா சிரித்தாள். கண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். அந்த முகத்தில் யாரோ ஒரு சின்னப் பெண் இருந்தாள்.

"ஓர்மர் போகலை" என்றாள். "ஓர்மர் என்னை விட்டுட்டுப் போகலை. ஓர்மர்... ஏண்டீ, நிஜமாத்தானே சொல்றே? அவனாப் போகலைதானே?"

"போகலைம்மா."

"அக்கா."

மாடிப்படியில் ஸ்வாலா நின்றுகொண்டிருந்தாள். ஒரு கை வயிற்றின் மேல், ஒரு கை கம்பியின் மேல். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

"உன் ரத்தத்துல இருக்குன்னா" என்றாள், "என் ரத்தத்துல?"

ரெப்னாவின் சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றது. அதை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியாதவளாக மகளைப் பார்த்தாள், மகளின் வயிற்றைப் பார்த்தாள். சட்டியில் பலகாரம் கருகிப் புகை கிளம்பியது. "நான் சிரிச்சேனே" என்று முனகினாள். "ஐயோ, நான் சிரிச்சேனே." ஸ்டெய்னுன் எழுந்துபோய் அடுப்பை அணைத்தாள்.

ஸ்வாலா ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள். அம்மாவின் கையிலிருந்த கரண்டியை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சிரிச்சா என்ன? உனக்குச் சிரிக்க நாளாச்சு" என்றாள். குரல் மட்டும் அவளுடையதாக இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அக்கா, அவர் பேர் கேட்கலை" என்றாள்.

"யாரு?"

"அப்பா. நான்தான் பேர் கேட்கிறார்னு நினைச்சுக்கிட்டேன். வயித்தைத் தள்ளிக்கிட்டு நிக்கிறவ வேற என்னத்தை நினைப்பா? அவர் வாயே திறக்கலை. தலையைப் பிடிச்சுக்கிட்டு நின்னார். என்னையே பார்த்துக்கிட்டு நின்னார். அவ்வளவுதான்."

ஜன்னலுக்கு வெளியே துணிக்கொடி வெறுமையாக இருந்தது. மூன்று பேரும் நிலைப்படிப் பக்கம் திரும்பாமல் இருக்கப் பாடுபட்டார்கள்.

"பரிசோதனை பண்ணிக்கிறியா?" என்று ஸ்டெய்னுன் கேட்டாள். "பாதிக்குப் பாதி. இல்லாமலும் இருக்கலாம்."

"வேண்டாம்."

"ஸ்வாலா..."

"கேளு. இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரிய வேண்டாம். இருக்குன்னே வச்சுக்கிட்டு என்னென்ன செய்யணுமோ செஞ்சுடு. கீறணும்னா கீறட்டும். மாத்திரை இருந்தா விழுங்கறேன். ஆனா ஒருநாளும் நீ என்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லக்கூடாது. உன் முகத்துலகூடக் காட்டக்கூடாது. முடியுமா உன்னால?"

"முடியும்" என்றாள் ஸ்டெய்னுன். அது எவ்வளவு கஷ்டம் என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

ஸ்வாலா ரேக்யாவிக்குக்கு வந்து, கத்திக்குத் தலையைக் கொடுப்பவளைப் போல வயிற்றைக் கொடுத்து, ஆண் பிள்ளை பெற்றாள். இரண்டு உயிரும் பிழைத்தன. தலையிலும் ஒன்றும் ஆகவில்லை. இருக்கிற எழுத்து சும்மா இருந்ததா, இல்லாத எழுத்துக்காகத்தான் இத்தனையுமா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. குழாய்களில் படிவதைக் குறைக்கும் என்று நம்பப்படுகிற ஒரு மருந்தைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா தங்கை இருவரும் அதைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துக்கொண்டிருக்கிறார்கள். அழுகிய முட்டை நாற்றம். "செத்தாலும் பரவாயில்லைன்னு தோணுது இதைக் குடிக்கும்போது" என்பாள் ஸ்வாலா. ஸ்டெய்னுன் சிரித்துவைப்பாள். தங்கை நெற்றியைச் சுருக்கினாலே இவளுக்கு மூச்சு நின்றுவிடும். அதையும் முகத்தில் காட்டக்கூடாது.

ஆய்வுக்கூடத்தில் அலைக்கோடு போடுவதை நிறுத்திவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது கேள்விக்குறி போடுகிறார்கள். கரையெங்கும் எத்தனை வீட்டில், அலை இல்லை என்பது தெரிந்த ஒருத்தி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளோ. ஸ்டெய்னுனிடம் அவர்கள் புருஷன்மாரின் எண்கள் இருக்கின்றன. பேர் இல்லை. போய்க் கதவைத் தட்ட வழியில்லை.

எங்கள் பக்கத்தில் ஞானஸ்நானம் வரைக்கும் பிள்ளையின் பேரை வெளியில் சொல்லமாட்டார்கள். அதுவரை அவன் வெறும் 'பையன்'. ஊர்க் கோயிலில், வேனில் தொடங்கின ஒரு ஞாயிற்றுக்கிழமை, பையனைக் கையில் ஏந்தி நின்றவள் ரெப்னா. தானே கேட்டு வாங்கிக்கொண்ட வேலை. பின் பெஞ்சில் பிராந்துர் இறுக்கமான கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விஷயத்தை அவரிடம் ரெப்னாவே போய்ச் சொல்லியிருந்தாள். இரண்டு பேரும் துறைமுகத்துத் தராசுப் பக்கத்தில் நின்று அழுததை ஊரே பார்த்தது.

"பிள்ளையின் பேர் என்ன?" என்று பாதிரியார் கேட்டார்.

"ஓர்மர்" என்றாள் ரெப்னா. கோயில் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். யாரும் அவளிடம் அந்தப் பேரைக் கேட்கவில்லை. கனவில் வந்தவரும் கேட்கவில்லை. அவளாகக் கொடுத்தாள்.

பாதிரியார் தண்ணீரை மூன்று தரம் தலையில் விட்டார். பையன் அழவில்லை. கண்ணைத் திறந்து வாசல் பக்கமாகப் பார்த்தான். போர்வைக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்தது. மெல்ல மேலே போய், காதுக்கு மேலே, ஈரத்தின்மேல் அப்பிக்கொண்டது.

குழந்தைகள் கையை எங்கெல்லாமோ கொண்டுபோகும். அதற்கு ஓர் அர்த்தமும் கிடையாது. ஸ்டெய்னுனுக்கு அது தெரியும், எல்லாருக்கும் தெரியும். பின் பெஞ்சில் பிராந்துர் தலையைக் குனிந்துகொண்டார். ரெப்னா பையனை மார்போடு சேர்த்துக்கொண்டாள். ஸ்வாலா அக்காவின் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். ஸ்டெய்னுன் முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை. ஸ்வாலா ஒரு எட்டு முன்னால் வந்து, மகனின் கையைப் பிடித்து, ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்து, போர்வைக்குள் வைத்து மூடினாள்.